கொங்கு வட்டாரத்தில் பேரிடர் ஆயத்தத் தணிக்கை

பேரிடர் ஆயத்தத் தணிக்கை என்பது தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ், மருத்துவமனை முதலிய அவசரப் பணிகள் ஒரு பெருவிபத்தை எதிர்கொள்ளும் நிலையில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று, அப்பணியைச் சேராத ஒருவர் சான்றுகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கும் முறை. ஒத்திகை வேறு, தணிக்கை வேறு. ஒத்திகையில் பணியாளர்கள் செய்து காட்டுகிறார்கள். தணிக்கையில் ஒருவர் அதைப் பார்த்து, நேரம் குறித்து, ஏட்டோடு ஒப்பிட்டு, குறையை எழுதி, அந்தக் குறை தீர்ந்ததா என்று மறுபடியும் வந்து பார்க்கிறார். கடைசியாகச் சொன்ன வேலைதான் பெரும்பாலும் நடக்காமல் போவது.

கோயம்புத்தூரையும் அதைச் சூழ்ந்த கொங்கு மாவட்டங்களையும் பொறுத்தவரை இந்த முறைக்குத் தனியான தொடக்க நாள் எதுவும் இல்லை. பஞ்சாலைக் காப்பீடு, தொழிற்சாலைச் சட்டம், விமானப் போக்குவரத்து விதிகள், அரசுக் கணக்குத் தணிக்கை என்று நான்கு வெவ்வேறு வழிகளில் அது இங்கே வந்து சேர்ந்தது. நான்கும் இன்றுவரை ஒன்றாகக் கலக்கவில்லை.

பஞ்சும் தீயும்

கோவை நகராட்சி 1866இல் உருவானது. அடுத்த அரை நூற்றாண்டில் ஊரை அதிகம் அச்சுறுத்தியது பிளேக் நோய். கோவைப் பகுதியில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் நினைவுச் சின்னங்கள். ஊரைக் காலி செய்வது, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது, வீடுகளில் மருந்து தெளிப்பது ஆகியவை 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ் நடந்தன. நடவடிக்கைகள் இருந்தன, அடுத்த முறைக்கு ஊர் தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கும் வழக்கம் இல்லை.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அரசு அல்ல, காப்பீட்டு நிறுவனம். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியபின், குறிப்பாக 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின், கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. பஞ்சு எரிவது விறகு எரிவதைப் போன்றதல்ல. புளோ ரூமில் ஓர் இரும்புத் துண்டு உரசி எழும் பொறி, பஞ்சோடு கலந்து குழாய் வழியே அடுத்த அறைக்குப் போய்விடும். மேலே தண்ணீர் அடித்து அணைத்த பேல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்து, மணிக்கணக்கில் கழித்து மறுபடி பிடிக்கும். ஆகவே ஆலைகள் தங்களுக்கென்று தீயணைப்புக் குழுக்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் வைத்துக்கொண்டன. தீயணைப்புக் கருவிகள் விதிப்படி இருந்தால் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. தள்ளுபடி தருவதற்குமுன் ஆய்வாளர் வந்து பம்பை ஓட்டிப் பார்ப்பார், ஹைட்ரன்டில் அழுத்தம் அளப்பார், தொட்டியில் எத்தனை லிட்டர் என்று பார்ப்பார். 1968ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கட்டண ஆலோசனைக் குழு இந்த விதிகளை நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்தியது. பணம் கைமாறும் இடத்தில் சோதனை கண்டிப்பாக இருந்தது என்பது வியப்பல்ல.

அரசுத் தீயணைப்புப் படை சென்னையில் 1908இல் தொடங்கி, பின்னர் மாகாணமெங்கும் விரிந்தது. நாட்டளவில் 1950களில் அமைந்த தீயணைப்பு ஆலோசனைக் குழு, எத்தனை மக்களுக்கு எத்தனை வண்டி, அழைப்பு வந்தபின் நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்துக்குள்ளும் கிராமப்புறத்தில் 20 நிமிடத்துக்குள்ளும் வண்டி சேர வேண்டும் என்ற அளவுகோல்களை வகுத்தது. தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி 1956இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு நாகபுரிக்கு மாறியது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985இல் வந்தது. அளவுகோல் இருந்தால்தான் தணிக்கை செய்ய முடியும் என்ற வகையில் இவை முக்கியமானவை. ஆனால் வால்பாறை மலைப்பாதையிலும் கோவை ஒப்பணக்கார வீதியிலும் வண்டி எடுக்கும் நேரத்தை ஒரே அளவுகோல் எப்படிப் பிடிக்கும் என்பது அன்றே எழுந்திருக்க வேண்டிய கேள்வி.

போபாலுக்குப் பின்

1984 டிசம்பரில் போபாலில் நடந்த நச்சுவாயுக் கசிவு இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தை மாற்றியது. 1987ஆம் ஆண்டின் திருத்தம், அபாயகரமான தொழில் நடத்துவோர் ஆலைக்குள்ளேயான அவசரத் திட்டம் வைத்திருப்பதைக் கட்டாயமாக்கியது. 1989 நவம்பரில் வெளியான அபாயகர வேதிப்பொருள் விதிகள் இன்னும் ஒரு படி முன்னே போயின. ஆலைக்குள் அவசரத் திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். ஆலைக்கு வெளியேயான திட்டத்தை மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது பத்தாவது விதி: ஆலையோடு தொடர்பில்லாத நிபுணர் ஒருவரைக் கொண்டு பாதுகாப்புத் தணிக்கை செய்து, அறிக்கையை உரிய அதிகாரிக்கு 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். தொடர்பில்லாத என்ற அந்த ஒரு சொல்லில்தான் தணிக்கையின் உயிர் இருக்கிறது.

1996இல் வந்த வேதி விபத்து விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தின. 1998இல் இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தொழிலிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் தணிக்கைக்கான ஐ.எஸ். 14489 என்ற நடைமுறைத் தொகுப்பை வெளியிட்டது. தணிக்கையாளரின் தகுதி என்ன, எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும், எப்படி அறிக்கை எழுத வேண்டும் என்பதற்கு அதன்பிறகுதான் நாட்டில் பொதுவான அடிப்படை கிடைத்தது. சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் தேசியப் பாதுகாப்பு மன்றமும் நடத்திய பயிற்சிகள் இந்தத் துறையில் ஆட்களை உருவாக்கின. சாயப்பட்டறைகள், வார்ப்படச் சாலைகள், பெருந்துறை சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகள் நிறைந்த கொங்குப் பகுதிக்கு இப்பயிற்சி நேரடியாகத் தேவைப்பட்டது.

இதிலும் ஒரு குறை இருந்தது. ஆலைத் தணிக்கையாளர் ஆலையின் வாசலோடு நின்றுவிடுவார். வாசலுக்கு வெளியே தீயணைப்பு நிலையத்தில் நுரைக் கரைசல் இருப்பு எவ்வளவு, அரசு மருத்துவமனையில் தீக்காயப் படுக்கை எத்தனை என்பதைச் சோதிக்க அவருக்கு அதிகாரமில்லை.

1998 பிப்ரவரி 14

அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகள், அவசரப் பணிகள் எதற்குத் தயாராக இல்லை என்பதைக் கொடூரமாகக் காட்டின. ஆர்.எஸ். புரத்தில் எல்.கே. அத்வானி பேசவிருந்த தேர்தல் கூட்டத்தை ஒட்டி, நகரின் 11 இடங்களில் 12 குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தனர். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ரயில் நிலைய வாகன நிறுத்தம், கடைவீதி, கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை வெடிப்பு நடந்த இடங்களில் அடங்கும்.

ஒரு வெடிப்பு என்றால் எல்லோரும் அங்கே ஓடலாம். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்போது எந்த வண்டியை எங்கே அனுப்புவது, எதை இருப்பாக நிறுத்தி வைப்பது என்று முடிவெடுக்க ஒரே கட்டுப்பாட்டு மையம் வேண்டும். 108 சேவை அப்போது தமிழ்நாட்டில் இல்லை. அது 2008 செப்டம்பரில்தான் வந்தது. காயம்பட்டவர்களை முதலில் தூக்குவது பக்கத்திலிருப்பவர்களும் ஆட்டோக்காரர்களும்தான் என்ற காலம் அது. காயம்பட்டோர் வந்துசேர வேண்டிய மருத்துவமனையே தாக்குதல் இடங்களில் ஒன்றானால் என்ன செய்வது என்பது எந்த ஒத்திகை ஏட்டிலும் எழுதப்படாத நிலைமை.

நீதிபதி பி.ஆர். கோகுலகிருஷ்ணன் ஆணையம் இந்த நிகழ்வுகளை விசாரித்தது. குற்ற வழக்கு தனியாக நடந்தது. யார் செய்தார்கள், தடுத்திருக்க முடியுமா என்ற கேள்விகளே பொதுவெளியில் முன்னே நின்றன, அது இயல்பு. ஆனால் முதல் அரை மணி நேரத்தில் மீட்புப் பணி எப்படி நடந்தது, அதில் யாரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற கேள்விக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. இந்தியாவில் பெருவிபத்து விசாரணைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. பொறுப்பாளியைத் தேடும் விசாரணையும் பாடத்தைத் தேடும் ஆய்வும் ஒரே கையால் எழுத முடியாதவை.

கணக்குத் தணிக்கையாளர் வந்தபோது

2004ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குத் தீயும் நீரும் கலந்த ஆண்டு. ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத் தீ. ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பர் 26இல் சுனாமி. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளுக்குத் தீத்தடுப்புச் சான்று பெறுவது மாநிலம் முழுவதும் கெடுபிடியானது, கூரைகள் இறக்கப்பட்டன. சுனாமிக்குப் பிறகு 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைய வேண்டும், ஆண்டுதோறும் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம்.

சுனாமி நிவாரணப் பணத்தைத் தணிக்கை செய்யப் போனபோது, உலக நாடுகளின் தணிக்கை நிறுவனங்கள் ஓர் உண்மையை உணர்ந்தன. பேரிடருக்குப் பிறகு செலவைச் சரிபார்ப்பது பாதி வேலை. பேரிடருக்கு முன்பு ஆயத்தத்தைச் சரிபார்ப்பதே மறுபாதி. அந்நிறுவனங்களின் கூட்டமைப்பான இன்டோசாய் 2005இல் இதற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதன் பயனாக உருவான 5500 வரிசைத் தணிக்கை வழிகாட்டிகள் 2013இல் பெய்ஜிங் மாநாட்டில் ஏற்கப்பட்டன. அவற்றில் 5510 எண்ணுள்ளது முழுக்க முழுக்க இடர் குறைப்பையும் ஆயத்தத்தையும் தணிக்கை செய்வது பற்றியது. நாகப்பட்டினத்தையும் ஆச்சேயையும் அடித்த அலை, கணக்கு எழுதும் முறையையும் மாற்றிவிட்டது.

அதே 2013இன் ஏப்ரலில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பேரிடர் ஆயத்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சோதிக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தேசியத் திட்டமே இன்னும் வகுக்கப்படவில்லை, தேசியச் செயற்குழு 2008 மே முதல் கூடவே இல்லை, உத்தராகண்டில் 2007இல் அமைந்த மாநில ஆணையம் ஒருமுறைகூடக் கூடவில்லை என்று அறிக்கை சொன்னது. இரண்டு மாதம் கழித்து, ஜூனில், கேதார்நாத் வெள்ளம் வந்தது. தணிக்கை அறிக்கையை வரவு செலவுக்காரரின் குறை கூறலாக மட்டும் பார்த்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்க முடியாது.

சோதிப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்

ஆயத்தத் தணிக்கைக்கான பயிற்சி எதைக் கற்றுத்தருகிறது என்பதை ஒரு சிறு காட்டால் விளக்கலாம். ஓர் ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று பதிவேடு சொல்கிறது. பயிற்சியில்லாத ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்துக் குறியிடுவார். கொஞ்சம் பயின்றவர் வண்டிக்குள் ஏறிச் சிலிண்டரைப் பார்ப்பார். நன்கு பயின்றவர் வால்வைத் திறந்து அழுத்தமானியைப் பார்த்துவிட்டு, இரவுப் பணியில் இருப்பவரிடம், இது தீர்ந்தால் எங்கே மாற்றுவீர்கள், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பார். பதில் தயங்கி வந்தால் அங்கே ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது.

கண்டுபிடிப்பை எழுதுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த விதியின்படி எது இருந்திருக்க வேண்டும், எது இருந்தது, ஏன் அப்படி, அதனால் என்ன ஆகும், என்ன செய்யலாம் என்ற ஐந்தும் இருந்தால்தான் அது தணிக்கைக் குறிப்பு. பராமரிப்பு திருப்திகரமாக இல்லை என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதையும் செய்ய முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாலையில் அழைப்பு மணியை அடித்து, வண்டி கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதும் இப்பயிற்சியின் ஒரு பகுதி.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்துள்ள மாதிரி ஒத்திகை முறையில் முதலில் ஒருங்கிணைப்புக் கூட்டம், அடுத்து மேசை ஒத்திகை, பின்பு களத்தில் ஒத்திகை, முடிந்தவுடன் குறைநிறை ஆய்வு என்ற வரிசை உள்ளது. நடுநிலைப் பார்வையாளர்கள் நேரத்தையும் பிழைகளையும் குறிக்கிறார்கள். 2010இல் வெளியான நிகழ்வு எதிர்வினை முறை வழிகாட்டி, களத்தில் யார் தலைமை, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை வரையறுத்தது. ஒத்திகை நாளன்று பத்திரிகைக்காரர்களை அழைத்து, அலங்காரமாக ஒருவரைக் கயிற்றில் இறக்கி, கைதட்டி முடிப்பதும் உண்டு. அதைத் தணிக்கை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குறை கண்டும் தீர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம் சான்று. 2016 மே மாதம் அங்கே நடந்த வின்செஸ்டர் அக்கார்டு என்ற பெரிய ஒத்திகையில், காவல் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பு அதிகாரி வேலைச் சுமையில் மூழ்கி, மற்றப் படைகளுக்குத் தகவல் போகாதது தெரிந்தது. 2017 மே 22இல் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தபோது அதே குறை அப்படியே திரும்பியது. தீயணைப்புப் படை இரண்டு மணி நேரம் கழித்தே அரங்கை அடைந்தது. மூன்று படைகளும் கூடிப் பணியாற்றுவதற்கென ஜெசிப் என்ற கூட்டுப் பயிற்சித் திட்டம் 2012இலேயே அந்நாட்டில் தொடங்கியிருந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பீளமேடும் சூலூரும் அவிநாசியும்

கோவையில் மிகக் கறாராக நடைபெறும் ஆயத்தச் சோதனை விமான நிலையத்தில்தான். 1940இல் பீளமேட்டில் தொடங்கிய இந்த நிலையம், பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இரண்டாண்டுக்கு மிகாத இடைவெளியில் முழு அளவிலான அவசர ஒத்திகை நடத்த வேண்டும். இடைப்பட்ட ஆண்டில் பகுதி ஒத்திகை. நகரத் தீயணைப்பு நிலையங்கள், காவல்துறை, மருத்துவமனைகள் எல்லாம் அதில் கலந்துகொள்கின்றன. காயம்பட்டவர்களாக நடிப்போருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகள் கட்டப்பட்டு, எந்த அட்டைக்காரர் எந்த வண்டியில் எத்தனை நிமிடத்தில் போனார் என்று குறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் பின்னாளில் வந்த நிற வரிசைப் பிரிப்பும் இதே முறைதான்.

ஆனால் விமானம் ஓடுபாதையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படையின் எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் இறந்தனர்; அவர்களில் ஒருவர் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் உயிரிழந்தார். தீயணைப்பு வண்டி எட்ட முடியாத சரிவு அது. ஊர் மக்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், கம்பளிகளில் உடல்களைச் சுமந்தார்கள். எந்தப் பயிற்சியும் பெறாத அவர்களே அங்கே முதல் மீட்புப் படை.

2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தபோது வேறொரு சோதனை வந்தது. இறந்தவர்களை அடையாளம் காண்பது, இன்னொரு மாநிலத்திலிருந்து வரும் உறவினர்களுக்குத் தகவல் சொல்வது, உடல்களை அனுப்பிவைப்பது ஆகியவை வண்டிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் தணிக்கையில் இடம்பெறாத வேலைகள். அதற்கு இரண்டரை மாதம் முன்பு மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு மதில் வீடுகள்மேல் சாய்ந்து 17 பேரைக் கொன்றது. அங்கே வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் பயன் குறைவு. சோதித்திருக்க வேண்டியது மீட்புப் படையை அல்ல, அந்த மதிலை.

இடிபாட்டு மீட்பில் சிறப்புப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோவை 400 கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் முன்கூட்டியே குழுக்கள் மேற்கு மாவட்டங்களுக்கு அனுப்பி வைக்கப்படுவது இதனால்தான். முன்னறிவிப்பில்லாத விபத்துக்கு அந்த வசதி கிடையாது. முதல் ஆறேழு மணி நேரம் உள்ளூர்ப் படைகளுடையதுதான்.

மேம்பாலத்தில் ஒரு டேங்கர்

2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து சுமார் 18 டன் சமையல் எரிவாயு ஏற்றி வந்த புல்லட் டேங்கர், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. வாயு கசியத் தொடங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், 2024 டிசம்பர் 20இல், ஜெய்ப்பூர் அருகே இதே போன்ற டேங்கர் ஒன்று லாரி மோதி வெடித்துப் பலர் கருகி இறந்திருந்தனர்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேம்பாலத்தில் கசிந்தால் அது மேலே போகாது. சரிவு வழியே இறங்கிக் கீழ்ச் சாலையிலும் சாக்கடையிலும் தங்கும். ஒரு பீடி நெருப்போ, வண்டியின் ஸ்டார்ட்டரோ போதும். தீயணைப்பு வீரர்கள் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சி வாயுவைக் கலைத்தார்கள். போக்குவரத்து திருப்பப்பட்டது, சுற்றிலும் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, எண்ணெய் நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழு வந்து கசிவை அடைத்தது. பல மணி நேரத்துக்குப் பிறகு கிரேன்கள் டேங்கரைத் தூக்கி நிறுத்தின. உயிரிழப்பு எதுவும் இல்லை.

இந்த வெற்றியைத் தணிக்கைக் கண்ணோடு பார்த்தால் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. விபத்து நடந்தது சாலை ஏறக்குறைய காலியாக இருந்த நேரத்தில். அதே இடத்தில் காலை ஒன்பது மணிக்கு நடந்திருந்தால் மேம்பாலத்தின் கீழ் நிற்கும் பேருந்துகளை எந்த வழியாக வெளியேற்றுவது? டேங்கரின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் 1075 என்ற ஐ.நா. எண்ணைப் பார்த்து அது எரிவாயு என்று அடையாளம் காண, முதலில் வந்துசேரும் போக்குவரத்துக் காவலருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறதா? 1989ஆம் ஆண்டு விதிகளின்படி ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டம் ஒரு தொழிற்சாலையை மையமாக வைத்து வட்டம் போடுகிறது. ஓடும் டேங்கர் அந்த வட்டத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வாளையாறிலிருந்து நகரின் நடுவரைக்கும் வருகிறது. தீயணைப்புத் துறை தன் வண்டிகளைத் தானே சோதிக்கிறது. மருத்துவமனையைத் தரச்சான்று அமைப்பு சோதிக்கிறது. டேங்கரை வெடிபொருள் பாதுகாப்புத் துறையும் போக்குவரத்துத் துறையும் சோதிக்கின்றன. இவை ஒன்றையொன்று தொடும் இடத்தைச் சோதிக்கும் கடமையைப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. அதைச் செய்யப் பயின்ற தணிக்கையாளர் என்ற தனிப் பணியிடம் அந்தச் சட்டத்தில் இல்லை.